மொழி கடந்த கடிதம்: வேதியியல் மேதை கன்னிசாரோ

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கன்னிசாரோ வினை என்ற பெயரைக் கேள்விப்படாத வேதியியல் மாணவர் எவரும் இருக்க முடியாது. பென்சால்டிஹைடுடன் அடர் காரத்தைச் சேர்த்தால் ஒரு பகுதி ஆல்கஹாலாகவும் மறு பகுதி அமில உப்பாகவும் மாறும் என்பதைப் பள்ளி நாட்களிலேயே மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் கன்னிசாரோ என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு நெடுநாள் தெரியாது. ஏதோ ஒரு வேதிப்பொருளின் பெயர் என்றே எண்ணியிருந்தேன். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு மழை நாளில் அவரைப் பற்றிப் படித்தபோதுதான், அந்த வினை அவருடைய பெருமையில் மிகச் சிறிய பங்கு என்று அறிந்தேன். அதைவிடப் பெரிய செயல் ஒன்றை அவர் செய்திருக்கிறார். அது உலகை எட்டிய கதை இன்னும் வியப்பானது. அந்தக் கதையை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் தென்கோடியில் உள்ள பெரிய தீவு சிசிலி. அதன் தலைநகரான பலெர்மோவில் 1826ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ பிறந்தார். அக்காலத்தில் இத்தாலி என்று ஒரு நாடு கிடையாது. பல சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்த நிலப்பரப்பு அது. சிசிலியும் நேப்பிள்ஸும் பூர்போன் மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. கன்னிசாரோவின் தந்தை அந்த ஆட்சியில் உயர் பதவி வகித்தவர். வீட்டில் பல குழந்தைகள். அவர்களுள் இவரே இளையவர். 1837இல் காலரா நோய் பலெர்மோவைச் சூறையாடியபோது உடன்பிறந்தவர் இருவரை இழந்தார்.

1841இல் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். உடலின் இயக்கத்தை அறிய முற்பட்டவருக்கு, அதற்கு அடிப்படையான வேதியியல் தெரியாமல் முன்னேற முடியாது என்பது விளங்கியது. 1845இல் நேப்பிள்ஸில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டுக்குச் சென்றார். அங்கே இயற்பியலறிஞர் மெலோனியின் அறிமுகம் கிட்டியது. அதன் பயனாகப் பைசா நகரில் ரஃபாயேலே பிரியா என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வில்லோ மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் சாலிசினை ஆராய்ந்து சாலிசிலிக் அமிலத்துக்கு வழிகண்டவர் இந்தப் பிரியாதான். மருத்துவம் கற்க வந்த இளைஞர் வேதியியலாராக மாறியது இவருடைய கையில்தான்.

புரட்சியும் நாடு கடத்தலும்

1847இல் விடுமுறைக்காக ஊர் திரும்பினார் கன்னிசாரோ. 1848 ஜனவரியில் பலெர்மோவில் மக்கள் புரட்சி வெடித்தது. தந்தை பணியாற்றிய அதே ஆட்சியை எதிர்த்து மகன் களத்தில் இறங்கினார். மெசினாவில் பீரங்கிப் படை அதிகாரியானார். புதிதாக அமைந்த சிசிலி நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை.

ஆனால் புரட்சி வெல்லவில்லை. 1848 செப்டம்பரில் மெசினா வீழ்ந்தது. 1849இல் சிசிலி முழுவதும் மன்னரின் படைகளிடம் பணிந்தது. கன்னிசாரோ கப்பலேறிப் பிரான்சின் மார்சேய் துறைமுகம் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பாரிசை அடைந்தார். ஊரும் உறவும் இழந்த அந்த அகதிக்குப் பாரிசில் கிடைத்த புகலிடம் ஓர் ஆய்வகம். கொழுப்புகளின் வேதியியலை வகுத்த ஷெவ்ரலின் ஆய்வகத்தில் இடம் பெற்று, குளோயெஸ் என்பவருடன் சேர்ந்து 1851இல் சயனமைடு என்ற சேர்மத்தை உருவாக்கினார்.

அதே ஆண்டு பியட்மாண்ட் அரசிலுள்ள அலெசாந்திரியா நகரக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே எளிய ஓர் ஆய்வகத்தை அமைத்துக்கொண்டு, 1853இல் பென்சால்டிஹைடின் மீது பொட்டாஷ் காரத்தைச் செயற்படுத்திப் பென்சைல் ஆல்கஹாலைக் கண்டறிந்தார். நாம் படிக்கும் கன்னிசாரோ வினை இதுதான்.

இங்கே ஒரு செய்தியை நண்பர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பு அதே 1853ஆம் ஆண்டில் லீபிக்கின் புகழ்பெற்ற ஜெர்மன் இதழில் ஜெர்மன் மொழியிலேயே வெளிவந்தது. வேதியியலின் பெரும் ஆய்வகங்கள் ஜெர்மன் மண்ணில் செழித்த காலம் அது. ஜெர்மனில் வந்த செய்தி ஐரோப்பா முழுவதும் பரவிற்று. சிறிய கண்டுபிடிப்பு விரைவில் பெயர் பெற்றது. பெரிய சிந்தனைக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

குழப்பத்தில் இருந்த வேதியியல்

அந்தச் சிந்தனை எது என்று அறிய, அன்றைய வேதியியலின் நிலையைச் சற்றே பார்ப்போம்.

நீரின் வாய்பாடு என்ன என்று இன்று பள்ளிக் குழந்தையைக் கேட்டாலும் எச்2ஓ என்று சொல்லிவிடும். 1850களில் பேராசிரியர்களிடையே அதற்கு ஒரே விடை இல்லை. ஹைட்ரஜனை 1 என்று கொண்டால் ஆக்சிஜனின் எடை 8 என்றார் சிலர். 16 என்றார் வேறு சிலர். கார்பன் 6 என்றும் 12 என்றும் இரு கட்சிகள். ஆக்சிஜன் 8 என்றால் நீர் எச்ஓ. 16 என்றால் எச்2ஓ. அணு எது, மூலக்கூறு எது, சமான எடை எது என்பதிலேயே தெளிவில்லை. கெகுலே எழுதிய பாடநூலில் அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கு மட்டும், அன்று புழங்கிய 19 வெவ்வேறு வாய்பாடுகளை வரிசையாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார் என்றால் குழப்பத்தின் அளவை நாம் ஊகிக்கலாம். ஒரு வகுப்பில் கற்ற மாணவன் அடுத்த ஊர் வகுப்புக்குப் போனால் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டிய நிலை!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் சாவி 1811ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டுவிட்டது. செய்தவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த அவகாட்ரோ. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்ற அவருடைய கொள்கையை நாம் அறிவோம். அவர் அதைப் பிரெஞ்சு மொழியில், பாரிசின் இதழில்தான் எழுதினார். மொழித்தடை இல்லை, ஆயினும் உலகம் அதைக் கொண்டாடவில்லை. அதற்குக் காரணங்கள் பல.

அவற்றுள் ஒன்று சொற்களைப் பற்றியது. அவகாட்ரோ அணு என்ற சொல்லைக் கையாளவில்லை. மூலக்கூறு என்னும் ஒரே சொல்லுக்கு முன்னே வெவ்வேறு அடைமொழிகளைச் சேர்த்து, ஓரிடத்தில் இன்றைய மூலக்கூறையும் வேறோர் இடத்தில் இன்றைய அணுவையும் குறித்தார். விழிப்பின்றிப் படித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மற்றொரு காரணம், பெர்சீலியஸ் போன்ற பேரறிஞர்களின் மின்கொள்கை. எதிர் எதிர் மின்தன்மை உடையவையே கூடும். ஒரே தனிமத்தின் இரு அணுக்கள் கூடமாட்டா என்று அவர்கள் நம்பினர். மூன்றாவதாக, டூமா என்ற பிரெஞ்சு அறிஞர் பாதரசம், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆவி அடர்த்தியை அளந்தபோது விடைகள் எதிர்பார்த்தபடி வராததால், அந்தக் கொள்கையின் மேலிருந்த நம்பிக்கையே தளர்ந்தது. 1856இல் அவகாட்ரோ மறைந்தபோதும் அவருடைய கொள்கைக்கு உரிய இடம் கிடைத்திருக்கவில்லை.

மாணவர்களுக்காகப் பிறந்த கடிதம்

1855இல் கன்னிசாரோ ஜெனோவா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். வந்து பார்த்தால் அங்கே ஆய்வகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. சோதனை செய்ய வழியில்லாத நிலையில், கற்பிப்பதில் தம் கருத்தைச் செலுத்தினார். குழம்பிக் கிடக்கும் இந்தப் பாடத்தை மாணவனுக்கு எப்படிப் புரியவைப்பது? இந்த ஒரு கேள்விதான் அவரைப் பெரும் சிந்தனைக்கு இட்டுச் சென்றது.

தம் வகுப்பில் தாம் நடத்தும் முறையை விவரித்து, 1858 மார்ச்சில் பைசாவில் இருந்த நண்பர் பேராசிரியர் தெ லூக்காவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது அவ்வாண்டே இல் நுவோவோ சிமென்தோ என்ற இத்தாலிய இதழில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு தனிச் சிறு நூலாகவும் வெளிவந்தது. வேதியியல் தத்துவப் பாடத்தின் சுருக்கம் என்பது அதன் தலைப்பின் பொருள். புதிய சோதனை எதுவும் அதில் இல்லை. புதிய பொருள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த எண்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டினார், அவ்வளவுதான்!

முதல் சில வகுப்புகளில் அவகாட்ரோ முதலியோரின் கருத்துகள் வளர்ந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லுவார். பிறகு கணக்குக்கு வருவார். ஹைட்ரஜன் வாயுவின் ஒரு மூலக்கூறை 2 என்று கொள்வோம். அதன் பாதி 1 நமது அலகு. நீராவி ஹைட்ரஜனைப் போல 9 மடங்கு கனமானது. ஆகவே அதன் மூலக்கூறு எடை 18. ஹைட்ரஜன் குளோரைடுக்கு 36.5, அம்மோனியாவுக்கு 17, மீத்தேனுக்கு 16. இவற்றைப் பகுத்துப் பார்த்து, ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று எழுதினால் முறையே 2, 1, 3, 4 என்று வருகின்றன. ஹைட்ரஜன் வாயுவில் 2. எங்கேயும் ஒன்றரை வரவில்லை, அரை வரவில்லை. எல்லாம் 1 என்பதன் முழு மடங்குகள். அப்படியானால் ஹைட்ரஜனின் அணு 1.

இதே முறையில் ஆக்சிஜனைப் பாருங்கள். நீரின் மூலக்கூறில் 16. கார்பன் மோனாக்சைடில் 16. கார்பன் டைஆக்சைடில் 32. ஆக்சிஜன் வாயுவில் 32. எந்த மூலக்கூறிலும் 8 என்ற அளவு தலைகாட்டவே இல்லை. ஆகவே ஆக்சிஜனின் அணு எடை 16. கார்பனுக்கும் அவ்வாறே 12. ஒரு தனிமம் வெவ்வேறு மூலக்கூறுகளில் இருக்கும் அளவுகள் எல்லாம் எந்த ஒரு சிறு அளவின் முழு மடங்குகளாக இருக்கின்றனவோ, அந்த அளவே அதன் அணு. இதுதான் கன்னிசாரோ காட்டிய வழி.

ஆவியாகாத சேர்மங்களைத் தரும் உலோகங்களுக்கு டூலாங், பெத்தி ஆகியோரின் தன்வெப்ப விதியைத் துணைக்கு அழைத்தார். டூமாவைத் திகைக்க வைத்த பாதரசத்தின் புதிரையும் அவிழ்த்தார். எல்லாத் தனிமங்களின் மூலக்கூறுகளிலும் இரண்டு அணுக்களே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாதரச ஆவியின் மூலக்கூறு ஒற்றை அணுவால் ஆனது என்று கொண்டால் அதன் அணு எடை 200 என வந்து, தன்வெப்பக் கணக்கோடும் பொருந்திவிடுகிறது. கொள்கை தவறில்லை, அதைப் பொருத்திப் பார்த்த முறையே தவறு என்பது வெளிச்சமாயிற்று.

ஆய்வகம் இல்லாத ஒரு பேராசிரியர், தம் மாணவர்களுக்கு விளங்க வேண்டும் என்ற கவலையால் செய்த வேலை இது. ஆசிரியப் பணியின் மேன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஆனால் நடந்தது என்ன? இதழ் இத்தாலிய இதழ். நூல் இத்தாலிய நூல். வேதியியலின் தீர்ப்புகள் எழுதப்பட்ட இடங்களோ பாரிசும் ஜெர்மன் நகரங்களும். ஈராண்டுகள் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது.

கார்ல்ஸ்ரூவில் மூன்று நாட்கள்

அணு, மூலக்கூறு, சமான எடை ஆகியவற்றில் ஓர் உடன்பாடு காண வேண்டும் என்று கெகுலே, வூர்ட்ஸ், வெல்ட்சீன் ஆகிய மூவரும் முயன்று, 1860 செப்டம்பர் 3, 4, 5 ஆகிய நாட்களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டினர். பல நாடுகளிலிருந்தும் 120க்கு மேற்பட்ட வேதியியலார் வந்தனர். வேதியியலின் முதல் பன்னாட்டு மாநாடு இதுவே.

கன்னிசாரோவும் சென்றார். அவ்வாண்டுதான் கரிபால்டியின் படை சிசிலியை விடுவித்திருந்தது. தாயகம் விடுதலையான மகிழ்ச்சியோடு வந்தவர், அறிவியலிலும் ஒரு விடுதலைக்காகப் போராடினார். கனிம வேதியியலுக்கு ஒரு முறையும் கரிம வேதியியலுக்கு வேறொரு முறையும் இருக்கலாம் என்ற போக்கை அவர் ஏற்கவில்லை. வேதியியல் ஒன்றே, அணு எடையும் ஒன்றே, பெர்சீலியஸின் பழைய முறைக்குத் திரும்பாமல், அவகாட்ரோவின் கொள்கையை அடித்தளமாகக் கொண்டு செல்வோம் என்று வாதிட்டார். பேச்சு பலரைக் கவர்ந்தது. ஆயினும் மாநாட்டில் முடிவு ஏற்படவில்லை. அறிவியல் உண்மையைக் கைதூக்கி வாக்களித்து முடிவு செய்ய முடியாதன்றோ!

மாநாடு கலையும் வேளையில், கன்னிசாரோவின் நண்பர் அஞ்செலோ பவேசி, 1858ஆம் ஆண்டுக் கடிதத்தின் அச்சுப் படிகளை வந்தவர்களிடம் வழங்கினார். வாங்கியவர்களுள் ஒருவர் பிரெஸ்லாவ் நகரில் பணியாற்றிய 30 வயது ஜெர்மானியர் லோதர் மேயர். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். வழியிலே படித்தார். வீட்டிலே திரும்பவும் படித்தார். சின்னஞ்சிறு நூல் இத்தனை பெரிய சிக்கலை இவ்வளவு தெளிவாக அவிழ்த்துவிட்டதே என்று வியந்தார். கண்ணை மறைத்த திரை விலகியது போல ஐயங்கள் அகன்றன. அமைதியான உறுதி பிறந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

1864இல் லோதர் மேயர் எழுதிய வேதியியல் கோட்பாட்டு நூல், கன்னிசாரோவின் முறையை ஜெர்மன் மாணவர் உலகுக்குக் கொண்டு சேர்த்தது. அதே மாநாட்டில் இருந்த இளைஞர் மெண்டெலீவ், கன்னிசாரோவின் பேச்சைப் பற்றித் தம் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் ரஷ்ய நாளேட்டில் வெளியாயிற்று. சரியான அணு எடைகள் கிடைத்த பிறகே தனிமங்களை ஏறுவரிசையில் அடுக்க முடிந்தது. 1869இல் மெண்டெலீவ் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். நம் வேதியியல் துறைச் சுவரில் தொங்கும் அட்டவணைக்கு அடியில் கன்னிசாரோவின் பெயர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த அட்டவணை இல்லை.

ஜெர்மனில் தந்த இளைஞர்

லோதர் மேயர் கன்னிசாரோவின் கருத்தைத் தம் நூலில் எடுத்துரைத்தார். என்றாலும் கடிதத்தைக் கடிதமாகவே ஜெர்மன் மாணவர்கள் படிக்க வேண்டாவா? அதற்கு ஒரு வாய்ப்புப் பின்னர் வந்தது. அறிவியலின் மூலநூல்களைக் குறைந்த விலையில் சிறு சிறு நூல்களாக ஜெர்மனில் வெளியிடும் ஒரு வரிசையை 1889இல் லைப்சிக் நகரில் ஓஸ்ட்வால்ட் தொடங்கினார். அதன் 8ஆம் நூலாக அவகாட்ரோ, ஆம்பியர் ஆகியோரின் கட்டுரைகள் வந்தன. 30ஆம் நூலாக, 1891இல், கன்னிசாரோவின் கடிதம் வந்தது. பதிப்பித்துக் குறிப்புகள் எழுதியவர் வேறு யாருமல்லர். 31 ஆண்டுகளுக்கு முன் அதைச் சட்டைப்பையில் கொண்டு சென்ற அதே லோதர் மேயர்தான்.

மொழிபெயர்த்தவர் யார்? வடஇத்தாலியின் மாந்துவா நகரைச் சேர்ந்த அர்த்தூரோ மியோலாதி. 1869இல் பிறந்தவர். நூல் வெளிவந்த ஆண்டில் அவருக்கு வயது 22 அளவே! நம்மைவிட இரண்டொரு வயதே மூத்தவர். இவரை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சூரிச் நகரில் பயின்ற வேதியியலார் இவர். பின்னாளில் 1913இன் நோபல் பரிசு பெற்ற ஆல்ஃபிரெட் வெர்னருடன் சேர்ந்து, அணைவுச் சேர்மங்களின் கரைசல்களில் மின்கடத்துதிறனை அளந்து, எத்தனை அயனிகள் பிரிகின்றன என்று காட்டியவர். வெர்னர் கொள்கைக்குச் சான்று என்று நம் பாடநூல்களில் வரும் அளவீடுகள் இவ்விருவரும் 1893 முதல் செய்த பணியின் பயனே.

இத்தாலியமும் ஜெர்மனும் அறிந்தவர்கள் அன்று பலர் இருந்திருப்பார்கள். வணிகர்கள் இருந்தார்கள், இலக்கியம் கற்றவர்கள் இருந்தார்கள். அவர்களால் இந்நூலைச் சரியாகப் பெயர்க்க முடிந்திருக்குமா என்று எண்ணிப் பார்த்தேன். ஹைட்ரஜனின் பாதி மூலக்கூறை அலகாகக் கொள்வதாகக் கன்னிசாரோ சொல்கிறார். பாதி என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டாலும் எல்லா எண்களும் இரண்டால் பிழைபட்டுப் போகும். அணு என்ற இடத்தில் மூலக்கூறு என்றோ, அணு எடை என்ற இடத்தில் சமான எடை என்றோ எழுதிவிட்டால், எந்தக் குழப்பத்தை நீக்க அவர் எழுதினாரோ அதே குழப்பம் மொழிபெயர்ப்பிலே மீண்டும் குடியேறிவிடும். இரு மொழி அறிந்தால் போதாது. மூன்றாவதாக வேதியியல் என்னும் மொழியும் அறிந்த ஒருவர் கையில் அது கிடைத்தது நற்பேறு. அப்படிப்பட்ட ஒருவர் வரும்வரை, முழு நூல் 33 ஆண்டுகள் காத்திருந்தது.

இறுதிக் காலம்

1861இல் கன்னிசாரோ தாம் பிறந்த பலெர்மோவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அகதியாக ஓடிய ஊரில் ஆசிரியராக நின்றார். ஜெர்மானியரான கோர்னர், ஆஸ்திரியரான லீபென் போன்ற வெளிநாட்டு அறிஞர்கள் அவர் இருந்த பலெர்மோவைத் தேடி வந்து பணியாற்றினர். 1867இல் மீண்டும் காலரா பரவியபோது, சிறு வயதில் உடன்பிறந்தோரை அந்நோய்க்குப் பறிகொடுத்த அவர், நகரின் சுகாதாரப் பணியில் ஈடுபட்டு உழைத்தார்.

1871இல் ரோம் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பானிஸ்பெர்னா தெருவில் இருந்த பழைய கன்னியர் மடத்தில் வேதியியல் நிலையத்தை நிறுவினார். அவ்வாண்டே நாட்டின் மேலவை உறுப்பினரானார். இத்தாலிய வேதியியலாருக்கென ஒரு சொந்த இதழ் அதே ஆண்டில் தொடங்கப்பட்டதிலும் அவர் பங்கு பெரிது. 1872இல் லண்டன் வேதியியல் கழகத்தில் ஃபாரடே சொற்பொழிவு ஆற்ற அழைக்கப்பட்டபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? வேதியியல் கோட்பாடுகளை மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை! புகழின் உச்சியிலும் அவர் ஆசிரியராகவே இருந்தார்.

1891இல் லண்டன் ராயல் கழகம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவருடைய கடிதம் ஜெர்மனில் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 1910 மே 10ஆம் நாள், 83ஆம் வயதில் ரோமில் கன்னிசாரோ மறைந்தார்.

என் வீட்டுக் கதை ஒன்று

இந்த வரலாற்றைப் படித்தபோது என் மனத்தில் ஒரு பழைய நிகழ்ச்சி முள்ளாய்க் குத்தியது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதம், வங்கித் தாள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படித்துச் சொல்லும் வேலை சிறு வயது முதலே என்னுடையது. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், கடலைக் காட்டுக்கு என்று அப்பா ஒரு களைக்கொல்லி மருந்து வாங்கி வந்தார். உள்ளே இருந்த தமிழ்த் தாள் எங்கோ விழுந்துவிட்டது. புட்டியின் மேலிருந்த ஆங்கிலத்தை என்னிடம் காட்டினார். ப்ரீ எமர்ஜென்ஸ் என்று அதில் போட்டிருந்தது. பயிரும் களையும் முளைத்து வெளிவருவதற்கு முன்னே தெளிக்க வேண்டும் என்பது அதன் பொருள். எனக்குத் தெரிந்ததோ எமர்ஜென்சி என்ற சொல். அவசரத்துக்கு அடிக்கிற மருந்து என்று பெருமையோடு சொல்லிவிட்டேன்.

களை மண்டிய பிறகு, கடலை முளைத்து இலை விட்டிருந்த காட்டில் அப்பா அதைத் தெளித்தார். சில நாட்களில் அரை ஏக்கர் கடலை வெளுத்துப் போயிற்று. விதைக்கடலை வாங்கிய கடன் அப்படியே நின்றது. அப்பா என்னைத் திட்டவில்லை. நன்றாகப் படி என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை விடத் திட்டே மேலாக இருந்திருக்கும்.

எழுத்து எனக்குத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. மொழி மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளனின் கையில் ஒரு வேதிப்பொருள் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எந்த நூலிலும் படித்தறிய வேண்டியதில்லை. அந்தக் காட்டு வரப்பிலே நின்று கற்றுக்கொண்டேன்.

நம் வகுப்பில் பாதிப் பேர் தமிழில் படித்து வந்தவர்கள். தடித்த ஆங்கில நூல்களைப் புரட்டி, ஒரு பத்தியைப் பத்து முறை படித்தும் விளங்காமல் மூடி வைத்த இரவுகள் நம் எல்லாருக்கும் உண்டு. அது அறிவின் குறை என்று எண்ணி மனம் சோர வேண்டாம். அவகாட்ரோ கொள்கையின் பெருமையைக் காணப் பேரறிஞர்களுக்கே அரை நூற்றாண்டு பிடித்தது. தெளிவான ஒரு சிறு நூலும், அதைச் சட்டைப்பையில் எடுத்துச் சென்று பொறுமையாகப் படித்த ஒருவரும், அதைப் பிறமொழியில் பிழையின்றித் தந்த ஓர் இளைஞரும் சேர்ந்தபோது அந்தக் கதவு திறந்தது.

நாம் எல்லாரும் கன்னிசாரோ ஆக முடியுமா என்பது ஐயமே. ஆனால் மியோலாதி ஆக முடியும். பாடத்தைப் பாடமாகக் கற்று, அதை நம் ஊரில் நமக்குப் பின்னே வரும் தம்பி தங்கைகளுக்குச் சரியான சொல்லில் எடுத்துச் சொல்ல முடியும். அடுத்த முறை எங்கள் காட்டுக்கு வாங்கும் மருந்துப் புட்டியை நான்தான் படித்துச் சொல்லப் போகிறேன். இந்த முறை பிழை வராது. பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் படித்துச் சொல்வேன்.